பின்னறைக்கு ஹீட்டர் வேண்டுமா

டிம்ப்னா தன் தங்கையிடம் அதை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அயர்லாந்தில், எங்கள் லிமெரிக் ஊரில், ஒரு தடவை கேட்பதும் கேட்காமல் இருப்பதும் ஒன்றுதான்.

இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எங்களூரில் ஒரு வீட்டுக்குப் போனால் டீ குடிக்கிறீர்களா என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடியும் கேட்பார்கள். எனக்காக மெனக்கெடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கெட்டிலில் கையை வைத்துக்கொண்டே கேட்பார்கள். அப்போது, நீங்கள் குடிப்பதானால் எனக்கும் ஒரு சொட்டு என்று ஒப்புக்கொள்ளலாம். முதல் தடவையே சரி என்கிறவன் அலைகிறவன். முதல் மறுப்பைக் கேட்டதும் விட்டுவிடுகிறவன் ஒன்று கஞ்சன், அல்லது மனதில் எதையோ வைத்துக்கொண்டிருக்கிறவன். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. மாதா கோயில் பூசையில் எந்த இடத்தில் முழந்தாளிடுவது என்று தெரிவதைப்போல இதுவும் தானாகத் தெரிந்துவிடும்.

டிம்ப்னா ஹார்டிகனுக்கு இது தெரியாதா? ஒரு பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் காலமெல்லாம் உட்கார்ந்து, எத்தனையோ பேரின் 'பரவாயில்லை, வலி அவ்வளவு இல்லை'யைக் கேட்டு, அவர்களை முன்னால் அனுப்பி வைத்தவள் அவள். ஊரில் மரியாதை தெரிந்தவள் என்று பெயர்.

ஆற்றங்கரைக் கட்டடத்தில் நான்காம் மாடி ஃபிளாட் அவளுடையது. அந்தக் கட்டடத்தில் எரிவாயுக் குழாய் கிடையாது, புகைபோக்கியும் கிடையாது. அடுப்பு, வெந்நீர், கதகதப்பு எல்லாம் மின்சாரக் கம்பி வழியாகத்தான் வந்தாக வேண்டும். கூடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு ஹீட்டர் நிற்கும். அதன் வயிற்றுக்குள் செங்கற்கள். ராத்திரி மின்சாரம் மலிவு என்பதால் ராத்திரியெல்லாம் அந்தக் கற்கள் சூடேறி, பகலில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். காலையில் யாரும் இல்லாத கூடம் கொதிக்கும். சாயங்காலம் எல்லோரும் வந்து உட்காரும்போது அது ஓய்ந்துவிட்டிருக்கும். ஊரில் பாதிப் பேர் இந்த ஹீட்டரைத் திட்டிக்கொண்டேதான் வாழ்கிறார்கள்.

தங்கை அட்ராக்டா அந்த ஃபிளாட்டுக்கு இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள். இங்கிலாந்தில், கவென்ட்ரியில், அவள் புருஷன் டெக்லன் செத்து, வாடகை வீட்டைக் காலி செய்து, ஒரே மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து போனில் அழுதுவிட்டு வைத்த பிறகு வந்தாள். வந்து இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது. இரு என்று டிம்ப்னா சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பெட்டி இன்னமும் பாதி பிரித்தபடியே கட்டிலுக்கடியில் கிடந்தது.

அவளுக்குக் கொடுத்தது பின்னறை. வடக்கு பார்த்த ஜன்னல். ஆற்றுக் காற்று நேராக வந்து அதில்தான் மோதும். அங்கிருந்த ஹீட்டர் என்றைக்கோ செத்துப்போய், அதன் மேல் டிம்ப்னாவின் பழைய பத்திரிகைகள் அடுக்கியிருந்தன. அட்ராக்டா அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. கட்டிலை மட்டும் சத்தமில்லாமல் எதிர்ச் சுவரோரம் நகர்த்திக்கொண்டாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வெந்நீர் அலமாரி. உள்ளே பழைய செம்புத் தொட்டி, அதைச் சுற்றித் துண்டுகளும் போர்வை உறைகளும். தொட்டியின் சூடு சுவர் வழியாகக் கொஞ்சம் கசியும். அட்ராக்டா முதுகைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு தூங்குவாள்.

அவளுக்கிருந்த இன்னொரு சுகம், குளியல் தொட்டி. கவென்ட்ரியில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்து அவள் விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்காகிப் போயிருந்தன. காலையில் பட்டன் போடுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் தொட்டி நிறைய வெந்நீர் விட்டு அதில் கழுத்துவரை கிடந்தால்தான் விரல்கள் மெதுவாக விரியும். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுடைய வாரம். அதற்கும் டிம்ப்னாவின் நிபந்தனைகள் உண்டு. தண்ணீர் சூடாக்கும் சுவிட்சில் இரண்டு நிலை: ஒன்று கை கழுவுகிற அளவுக்கு, ஒன்று தொட்டி நிறைய. இரண்டாவதைப் போட்டுவிட்டு அணைக்க மறப்பது எங்கள் நாட்டில் கொலைக்கு அடுத்தபடியான குற்றம். விமானம் ஏறப் போனவர்கள் பாதி வழியில் திரும்பி வந்த கதையெல்லாம் உண்டு.

"அணைச்சியா?" என்பாள் டிம்ப்னா, அட்ராக்டா ஈரத் தலையோடு வெளியே வந்ததும்.

"அணைச்சிட்டேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா, டிம்ப்னா."

டிம்ப்னா எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

அந்த அக்டோபரில் செம்புத் தொட்டி ஒழுக ஆரம்பித்தது. அதே வாரம் கூடத்து ஹீட்டரும் சூடேறாமல் நின்றது. டிம்ப்னா எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள். ஃபின்டன் லூபி என்று பெயர். வாய் ஓயாமல் பேசுகிறவன், ஹர்லிங் ஆட்டப் பைத்தியம். வீடு முழுக்க டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்தான். டீ வேண்டாம் என்றான், மெனக்கெடாதீர்கள் என்றான், பிறகு இரண்டு கோப்பை குடித்தான்.

"ரெண்டு வழி இருக்கு, மிஸ் ஹார்டிகன்," என்றான். "ஒண்ணு, இருக்கிறதையே புதுசா மாத்தறது. புது செங்கல் ஹீட்டர், இப்ப வர்றதெல்லாம் புத்திசாலி, சாயங்காலத்துக்குன்னு சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். அதோட புது வெந்நீர்த் தொட்டி. ராத்திரி மலிவு கரண்டுல காஞ்சு, காலையில ரெடியா இருக்கும். குளியல் தொட்டியும் அப்படியே இருக்கலாம்."

"இன்னொண்ணு?"

"வெந்நீர்த் தொட்டியே வேண்டாம். தண்ணி வர வர சூடாக்கற ஷவர் ஒண்ணு. சமையலறைத் தொட்டிக்கடியில சின்னதா ஒரு கீசர். சுவர்ல மாட்டற ஹீட்டர், எந்த ரூம்ல வேணுமோ அங்க மட்டும். போட்டா சூடு, அணைச்சா குளிரு. ஆனா அந்த ஷவரால குளியல் தொட்டியை ரொப்ப முடியாது. ரொப்பி முடிக்கறதுக்குள்ள ஆறிப்போயிடும். தொட்டியை எடுத்துட்டு அங்கேயே ஷவர் வெச்சுக்கலாம். பாதிப் பேர் இப்ப அதான் பண்றாங்க. கால் தூக்கி வைக்கத் தேவையில்ல பாருங்க."

அட்ராக்டா அடுப்பருகே நின்று பன்றியிறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வழி, முதல் வழி என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டாள். அடுத்தவர் வீட்டில் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்பதைவிட விறைத்துச் சாவது மேல் என்று வளர்க்கப்பட்டவள்.

டிம்ப்னா தங்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தேன் தடவின குரலில் கேட்டாள்.

"என்ன சொல்றே அட்ராக்டா? உனக்குக் குளியல் தொட்டி இல்லாம முடியுமா? பின்னறைக்கு ஒரு ஹீட்டர் போடச் சொல்லட்டுமா?"

அட்ராக்டாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேட்டுவிட்டாளே! இரண்டு வருஷமாக இல்லாத கரிசனம். ஆனால் முதல் தடவை கேட்டதற்கு என்ன பதிலோ அதைத்தானே சொல்ல வேண்டும். திரும்பி, கையிலிருந்த முள்கரண்டியை ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஐயோ, எனக்கெதுக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்காக ஒண்ணும் மெனக்கெடாதே."

சொல்லிவிட்டு இரண்டாவது கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். பதில்கூடத் தயாராக இருந்தது. இரண்டாவதற்கு, 'உனக்குத் தேவையானால் வை'. மூன்றாவதற்கு, 'சரி, நீ இவ்வளவு சொல்வதனால்'.

"கேட்டுக்கிட்டியா, ஃபின்டன்?" என்றாள் டிம்ப்னா. "தங்கச்சிக்கு ஒண்ணும் வேண்டாமாம். ரெண்டாவது வழியே போயிடலாம். கூடத்துக்கு ஒரு ஹீட்டர், என் ரூமுக்கு ஒண்ணு. போதும்."

ஃபின்டன் டிம்ப்னாவைப் பார்த்தான், அட்ராக்டாவைப் பார்த்தான். எங்களூர்க்காரன்தானே, விட்டுப்போனது என்ன என்று அவனுக்கும் தெரிந்தது. தலையைச் சொறிந்தான்.

"பின்னறை வடக்கு பார்த்தது, மிஸ் ஹார்டிகன். அந்தச் செம்புத் தொட்டியும் போயிடுச்சுன்னா..."

"அவதான் நல்லா இருக்கேன்னு சொல்றாளே. என் தங்கச்சி பொய் சொல்றாங்கறியா?"

"ஐயையோ, நான் எதுவும் சொல்லலீங்க."

அட்ராக்டா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிம்ப்னா மறந்துவிட்டாள், அவ்வளவுதான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆள் முன்னால் வேறு பேச்சு. அவன் போனதும் கேட்பாள். சாப்பிடும்போது கேட்பாள். நாளைக்குக் கேட்பாள். இப்படியே நம்பிக்கொண்டு திரிந்தாள், பாவம். இப்படி நம்புகிற முட்டாள்தனத்துக்கு எங்களூரில் நல்ல குணம் என்று பெயர்.

டிம்ப்னா கேட்கவில்லை. அட்ராக்டா கோடி காட்டத் தொடங்கினாள். எங்களூரில் அதற்கும் ஒரு முறை உண்டு. நமக்கு வேண்டியதை நமக்கென்று சொல்லாமல், சும்மா காற்றில் விட வேண்டும்.

"இன்னிக்கு விரலே மடங்க மாட்டேங்குது," என்றாள் ஒரு நாள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"வயசாச்சில்ல," என்றாள் டிம்ப்னா.

"கீழ்வீட்டு லேசியம்மா புதுசா வெந்நீர்த் தொட்டி வெச்சுட்டாங்களாம். ரொம்பத் திருப்தியாம்."

"அவங்களுக்கென்ன, மூணு பேரக் குழந்தைங்க வர போக இருக்கு. நம்ம வீட்டுக்கு யார் வர்றா?"

"ரேடியோவுல ஜனவரி ரொம்பக் குளிரும்னு சொன்னான்."

"அப்படியா? நல்லதாப் போச்சு, ஹீட்டர் அதுக்குள்ள வந்துடும்," என்றாள் டிம்ப்னா, ஜாமை நகர்த்தி வைத்துவிட்டு.

ஒவ்வொரு குறிப்பும் டிம்ப்னாவின் காதில் விழுந்தது. ஒவ்வொன்றையும் அவள் சாவகாசமாக ரசித்து மென்று விழுங்கினாள் என்பதை அட்ராக்டா அப்போது உணரவில்லை. காது மந்தமாகிவிட்டதோ என்றுகூட நினைத்தாள்.

கடைசியில் எதிர்வீட்டு கான்செப்டா மேடிகனிடம் போய், சொல்லாமல் சொன்னாள். கான்செப்டா பலசாலி, சண்டைக்கு அஞ்சாதவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கேக்கோடு வந்து உட்கார்ந்தாள். அட்ராக்டா சமையலறையில் இருக்க, கூடத்தில் பேச்சு நடந்தது. கதவு திறந்துதான் இருந்தது.

"ஏன் டிம்ப்னா, குளியல் தொட்டியை எடுக்கப் போறியாமே? அந்தப் பொண்ணு கையைப் பாத்தியா? நடுத்தெருவுல நின்னு அழணும் போல இருக்கு."

"நான் கேட்டேனே, கான்செப்டா. வேண்டாம்னுட்டா."

"எத்தனை தடவை கேட்டே?"

"ஒரு தடவை."

"ஒரு தடவையா! ஏசுவே, மாதாவே! ஒரு தடவை கேட்டா நாய்கூட எலும்பை வேண்டாம்னுதான் சொல்லும் இந்த ஊர்ல!"

டிம்ப்னா கேக்கை ஒரு துண்டு வெட்டினாள். "வயசு வந்த பொம்பளை. இருபத்தஞ்சு வருஷம் இங்கிலீஷ்காரங்க நடுவுல இருந்துட்டு வந்தவ. வேணும்னா வேணும்னு சொல்லத் தெரியாதா? அவ சொன்னதை நான் மதிக்கறேன். அது தப்பா?"

"இது மதிப்பில்லடி. இது வேற என்னமோ."

"இன்னொரு துண்டு எடுத்துக்கோ, கான்செப்டா. எடுத்துக்கோ. அட, எடுத்துக்கோங்கறேன்," என்றாள் டிம்ப்னா, வேண்டுமென்றே மூன்று தடவை, சமையலறைப் பக்கம் பார்த்தபடி.

அட்ராக்டாவின் கையிலிருந்த தட்டு நழுவித் தரையில் விழுந்தது. உடையவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அக்காவுக்கு மறதியும் இல்லை, மந்தமும் இல்லை. எல்லாம் தெரிந்துதான் செய்கிறாள். ஏன் என்பதுதான் புரியவில்லை. புரியவில்லை என்று அவள் நினைத்தாள் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மனசின் அடியில் எங்கோ அது புரிந்துதான் இருந்தது, அவள்தான் அந்தப் பக்கம் போகாமல் இருந்தாள்.

நவம்பர் கடைசியில் வேலை நடந்தது. ஃபின்டன் இரண்டு ஆட்களோடு வந்தான். செம்புத் தொட்டியை நசுக்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஷவருக்குத் தடித்த கம்பி வேண்டும், அது மெயின் பெட்டியிலிருந்து பின்னறைச் சுவர் வழியாகத்தான் போக முடியும் என்று சொல்லி, அட்ராக்டாவின் கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டுவிட்டு, சுவரை நீளமாக வெட்டினார்கள். அவள் முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கிய அதே சுவர். கட்டில் மேல், தலையணை மேல், டெக்லன் போட்டோ மேல் எல்லாம் சுண்ணாம்புத் தூள். அட்ராக்டா போட்டோவை மட்டும் தன் ஏப்ரனால் துடைத்துவிட்டு மூலையில் நின்றாள்.

பிறகு குளியல் தொட்டி வெளியே வந்தது. ஆட்கள் இரண்டு பேர் அதைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு கூடத்தின் வழியே போனார்கள். கீழ்ப்பக்கம் துருவும் தலைமுடியும் ஒட்டிக்கொண்டு அசிங்கமாக இருந்தது. வாசலில் அது சிக்கிக்கொண்டது. "சாய்டா, உன் பக்கம் சாய்," என்று ஒருவன் கத்தினான். சாய்த்தார்கள், போய்விட்டது.

அட்ராக்டாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"நீ என்னை ஒரே ஒரு தடவைதான் கேட்டே!" என்று வெடித்தாள். ஃபின்டன் அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டு இருந்ததைக்கூடப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு தடவை, டிம்ப்னா! தெருவுல போறவனைக்கூட ரெண்டு தடவை கேப்பாங்க! நான் உன் கூடப் பொறந்தவ!"

டிம்ப்னா பின்னறை வாசலில் வந்து நின்றாள். கத்தவில்லை. இந்த வார்த்தைக்காகவே இத்தனை நாள் காத்திருந்தவள் மாதிரி, நிதானமாக ஸ்வெட்டரின் பட்டனைப் போட்டுக்கொண்டாள்.

"நீ என்னை எத்தனை தடவை கேட்டே?"

"எப்போ?"

"எப்போன்னு உனக்குத் தெரியும்."

அட்ராக்டாவின் பார்வை டெக்லன் போட்டோவுக்குப் போனது.

"அம்மாவுக்கு வாதம் வந்து விழுந்தாளே, அந்த வாரம்," என்றாள் டிம்ப்னா. "நானும் என் சிநேகிதி உனாவும் லாஹின்ச் கடற்கரையில அந்த விடுதியை எடுத்து நடத்தறதுன்னு பேசி முடிச்சு வெச்சிருந்தோம். திரைச்சீலைக்குத் துணிகூட வாங்கியாச்சு. உனக்குத் தெரியும், லெட்டர்ல எழுதியிருந்தேன். நீ கவென்ட்ரியிலருந்து போன் பண்ணினே. 'நான் வரட்டுமா டிம்ப்னா? வந்து அம்மாவைப் பாத்துக்கட்டுமா?'ன்னே. நான் என்ன சொன்னேன்?"

அட்ராக்டா ஏப்ரனில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினாள்.

"சொல்லுடி. ஃபின்டன் கேக்கட்டும்."

"எதுக்கு, நான் நல்லாத்தான் இருக்கேன்னே."

"எனக்காக மெனக்கெடாதேன்னேன். வேற எதைச் சொல்ல முடியும் முதல் தடவையே? நீ உடனே, 'சரி, அப்ப பாத்துக்கோ'ன்னு வெச்சுட்டே. நான் நகரல. லைன் கட்டாயிடுச்சு, மறுபடி பண்ணுவான்னு நினைச்சேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். உள்ள அம்மா தண்ணி கேட்டுக் கூப்பிடறா, எழுந்து போனா போன் அடிச்சுடுமேன்னு போகல. இருட்டிப் போச்சு. அம்மா படுக்கையை நனைச்சுட்டா. அன்னிக்கு மாத்த ஆரம்பிச்ச படுக்கையை அவ சாகற வரைக்கும் மாத்தினேன். உனா வேற யாரையோ சேத்துக்கிட்டு லாஹின்ச்சுக்குப் போயிட்டா. நீ வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பினே."

அட்ராக்டாவுக்கு அந்த நாள் கண் முன்னால் வந்து நின்றது. அக்கா மறந்ததாக அவள் நினைத்ததெல்லாம் தன் வசதிக்காகத்தான். கவென்ட்ரி வீட்டின் நடையில், போனை வைத்துவிட்டு, அது சுட்டுவிடும் போலக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. 'வர வேண்டாமாம்' என்று டெக்லனிடம் சொன்னாள். அவனும் லிமெரிக் ஊர்க்காரன். 'திரும்பக் கேட்டியா?' என்றான். 'அவளே வேண்டாங்கறா, நான் ஏன் கேக்கணும்?' என்றாள் அவள். டெக்லன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினான். அந்தக் கோடையில் இரண்டு பேரும் ஸ்பெயினுக்குப் போய் வெயில் காய்ந்துவிட்டு வந்தார்கள். அவளுக்குத் தெரியும். அப்போதே தெரியும். இன்னொரு தடவை கேட்டால் அக்கா சரி என்று சொல்லிவிடுவாள் என்று தெரிந்துதான் கேட்காமல் விட்டாள். இதில் மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது, சுத்த அயோக்கியத்தனம்.

"எனக்கும் ஷவர் பிடிக்காது, தெரியுமா?" என்றாள் டிம்ப்னா. "தொட்டியில படுத்துக் குளிக்கத்தான் எனக்கும் பிடிக்கும். அதையும் விட்டுட்டுத்தான் இதைப் பண்றேன்."

ஃபின்டன் தொண்டையைக் கனைத்தான். அவனுக்கு ரேடியோவில் ஆட்டம் ஆரம்பிக்கிற நேரம். அதற்குமேல், இரண்டு கிழவிகளின் கோபத்துக்கு நடுவில் முட்டிபோட்டு இருப்பது எந்த ஆணுக்கும் சௌகரியமான இடமில்லை. ஆனாலும் அவன் கெட்டவனில்லை.

"சுவர் இப்ப திறந்துதான் கிடக்கு," என்றான். "பூசறதுக்கு முன்னாடி சொல்லிட்டா இங்கேயும் ஒரு லைன் இழுத்து விட்டுடலாம், பெரிய வேலையில்ல. வண்டியில ஒரு ஹீட்டர் மிச்சமிருக்கு. பூசினப்புறம்னா மறுபடி எல்லாத்தையும் உடைக்கணும்." டிம்ப்னாவைப் பார்க்காமல் அட்ராக்டாவை நேராகப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க. வேணுமா?"

அட்ராக்டாவின் வாயில் அந்தப் பழைய பதில் பாதி வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள்.

"வேணும்," என்றாள்.

அவள் ஆயுளில் முதல் தடவையே சொன்ன முதல் 'வேணும்' அது. சொன்னதும் முகம் சிவந்துபோனது. கேட்காத மாதிரி இருந்துவிடுவார்களோ என்று பயந்து இன்னொரு தடவையும் சொன்னாள்.

"வேணும், ஃபின்டன். ராத்திரியெல்லாம் தாங்க முடியாம குளிருது."

டிம்ப்னா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று அட்ராக்டா எதிர்பார்த்தாள். இல்லை. அதைவிட மோசமாக ஏதோ இருந்தது.

"எவ்வளவு லேசா வந்துடுச்சு பார் உனக்கு," என்றாள். "தொண்டையில மாட்டிக்கும்னு நினைச்சேன். எனக்கு மாட்டிக்கிச்சே. 'வாடி, எனக்கு முடியல, வந்துடு'ன்னு திரும்ப ஒரு போன் நான் பண்ணியிருக்கலாம். போன் அங்கேயேதான் இருந்தது. வாய் வரல. வருஷக்கணக்கா வரல. அப்படித்தானே நம்மளை வளத்தா அந்த மகராசி. உனக்கும் அப்படித்தான் இருக்கும், குளிர்ல கிடந்தாலும் உனக்கும் வராதுன்னு நினைச்சேன். நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுன்னு ஆயிடும்னு நினைச்சேன்."

"டிம்ப்னா, நான் பண்ணினது தப்பு. பெரிய தப்பு. மன்னிச்சுக்கோ."

"மன்னிச்சுட்டேன்," என்றாள் டிம்ப்னா உடனே, ஒரே தடவையில். பிறகு ஃபின்டனிடம் திரும்பினாள். "பூசிடு, ஃபின்டன்."

"மிஸ் ஹார்டிகன்..."

"என் வீடு. என் சுவர். பூசிடு."

ஃபின்டன் எழுந்து போய் வாளியில் காரை குழைத்துக்கொண்டு வந்தான். மெயினை அணைத்து வைத்திருந்ததால் வீட்டில் விளக்கு இல்லை. நாலு மணிக்கே வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவன் கையில் கரண்டியும் பலகையுமாக நின்று, டார்ச்சை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தான்.

"அட்ராக்டா," என்றாள் டிம்ப்னா, மறுபடியும் அந்தத் தேன் குரலில். "அவனுக்கு வெளிச்சம் பத்தல பார். டார்ச்சைக் கொஞ்சம் பிடியேன்."

அட்ராக்டா டார்ச்சை வாங்கினாள். விரல் மடங்காததால் இரண்டு கையாலும் பிடித்தாள். சுவரில் கம்பி ஓடிய பள்ளம் மேலிருந்து கீழே மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது. ஈரக் காரையின் குளிர் முகத்தில் அடித்தது. டிம்ப்னா போகவில்லை. முழுதும் பார்த்துவிட்டுத்தான் போவது என்று அங்கேயே நின்றாள்.

ஃபின்டன் திரும்பாமல், வாய்க்குள் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி முணுமுணுத்தான். கீழ்ப்பக்கம் பூசுவதற்காகக் குனிந்தான். அட்ராக்டாவும் அவனோடு குனிந்தாள்.

"வெளிச்சம் போதுமாப்பா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட," என்றான் அவன்.

அவள் கிட்டே கொண்டுபோய்ப் பிடித்தாள்.